உடைத்தலும் புகுதலும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசும் மேடை இது. அடியேன் புலவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, புகைவண்டி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக மூட்டைகளையும் முத்திரைகளையும் எண்ணி வருபவன். இவ்வாண்டு விழாவில் நான் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "எனக்கு என்ன தெரியும்?" என்று தயங்கினேன். "தெரிந்ததைப் பேசுங்கள். தெரியாததைப் பேசுவதற்கு வேறு பலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்" என்றார் அவர்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அதை நான் அறிந்துகொண்ட வகை சற்று வெட்கத்துக்குரியது. ஆயினும், தேவராஜ மொஹல்லாவில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு அது பயன்படும் என்று கருதி, மறைக்காமல் கூற முற்படுகிறேன்.

மகள் கேட்ட வினா

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு, அவள் பள்ளியின் ஆங்கில ஆசிரியை ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். ஆங்கிலத்தில் சிறிய வினைச்சொல் ஒன்றோடு 'இன்', 'அவுட்', 'அப்', 'டவுன்' முதலிய துணுக்குச் சொற்களைச் சேர்த்தால் பொருள் வெவ்வேறாகிவிடும். 'பிரேக்' என்றால் உடைத்தல். 'பிரேக் டவுன்' என்றால் வண்டி பழுதாகி நின்றுவிடுதல். 'பிரேக் அவுட்' என்றால் தீயோ நோயோ திடீரெனத் தோன்றுதல். 'பிரேக் அப்' என்றால் கூட்டம் கலைதல். இவ்வாறான தொடர்களுக்குத் தத்தம் தாய்மொழியில் பொருள் எழுதி வரவேண்டும் என்பது பயிற்சி.

"அப்பா, பிரேக் இன் என்பதற்குத் தமிழில் என்ன?" என்று மகள் கேட்டாள். அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்தில், "உடைத்து உள்ளே போவது" என்றேன். "பிரேக் என்றால் உடைப்பது, இன் என்றால் உள்ளே. இரண்டையும் ஒட்டிச் சொல்கிறீர்களே! திருடன் செய்யும் அந்தக் காரியத்துக்குத் தமிழில் தனிச் சொல் இல்லையா?" என்றாள். எனக்கு விடை தோன்றவில்லை.

கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார் தலை நிமிராமலே, "ஏன் இல்லை? கன்னம் வைக்கிறது என்று எழுதிக்கொள், அம்மா" என்றார். குழந்தை தன் கன்னத்தில் கை வைத்து, "இப்படியா, பாட்டி?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அலுவலகம் போகும் வழியெல்லாம் அச்சிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே வந்தது. ஏனெனில் அந்த ஆங்கிலத் தொடரோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது.

உடையாத பூட்டு

சில ஆண்டுகளுக்கு முன்பு, பொங்கலுக்காக நான்கு நாள் சொந்த ஊர் சென்றிருந்தோம். மாலையில் விளக்கேற்றி வைக்கட்டும் என்று, வீட்டுச் சாவியைத் துளசி மாடத்துப் பொந்தில் வைத்துவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரிடம் சொல்லியிருந்தேன். "சாவியை அங்கே வைக்க வேண்டாம்" என்று என் மனைவி தடுத்தார். நான் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. பூட்டு நன்றாகவே தொங்கியது. உள்ளே அலமாரி திறந்து கிடந்தது. மனைவியின் இரண்டு வளையல்களும், மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணமும், என் தந்தையார் ஓய்வுபெற்ற நாளில் உடன் பணியாற்றியோர் அளித்த கைக்கடியாரமும் காணப்படவில்லை.

காவல் நிலையத்துக்கு ஓடினேன். அலுவலகப் பழக்கத்தால் முறையீட்டை ஆங்கிலத்தில் எழுதினேன். 'பூட்டை உடைத்து உள்ளே புகுந்து' என்று பொருள்படும் தொடரே என் பேனாவிலிருந்து வந்தது. வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரி என் தாளைப் படித்தார். பிறகு அமைதியாக, "உடைந்த பூட்டு எங்கே?" என்று கேட்டார். கீறல் ஒன்றும் இல்லாத பூட்டு என் கையிலேயே இருந்தது. மனைவியும் மகளும் பக்கத்தில் நின்றார்கள்.

ஏன் அவ்வாறு எழுதினேன்? ஏதேனும் உடைந்திருந்தால்தான் முறையீடு செல்லும் என்று எண்ணியது ஒரு காரணம். சாவி இருந்த இடத்தைச் சொன்னால் அந்த ஏழை அம்மையார் மேல் ஐயம் விழுமே என்பது மற்றொரு காரணம் என்று பின்னர் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை அன்று. மனைவி சொல் கேளாமல் சாவியை வெளியே வைத்தவன் நான் என்பது வெளிப்படக் கூடாது என்ற வெட்கமே உண்மையான காரணம்.

அதிகாரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள்" என்றார். மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மையாரை விசாரித்தார்கள். அவர் அந்த நான்கு நாளும் நஞ்சன்கூட்டில் தம் தமக்கை வீட்டில் இருந்தார் என்பது அன்றே தெளிவாயிற்று. கடியாரம் இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்பர்களே, என் தொழிலை நினைத்தால் இப்பிழை எத்துணைப் பெரியது என்பது விளங்கும். பார்சல் பெட்டியின் கதவில் முத்திரையிட்டு ஊர் விட்டு ஊர் அனுப்புகிறோம். பெட்டி வந்து சேர்ந்ததும் முதலில் பார்க்கவேண்டியது முத்திரையைத்தான். முத்திரை பழுதின்றி இருந்து, உள்ளே மூட்டை குறைந்தால், ஏற்றிய நிலையம் விடை கூறவேண்டும். முத்திரை உடைந்திருந்தால் வழியில் நேர்ந்தது என்று ஆராய வேண்டும். 'உடைந்தது', 'அறுந்தது', 'முத்திரையே இல்லை' என்னும் குறிப்புகள் மூன்றும் மூன்று திசைக்குப் பழியைக் கொண்டுபோகும். ஒன்றுக்கு மற்றொன்றை எழுதியதாக இத்தனை ஆண்டுகளில் என் மேல் ஒரு குற்றம் வந்ததில்லை. ஊரார் மூட்டைக்கு உண்மை எழுதிய கை, சொந்த வீட்டுக்குப் பொய் எழுதிவிட்டது.

சட்டம் சொல்லும் உடைப்பு

மகளின் வினாவுக்குப் பின்னர், தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் சட்ட நூலை இரவல் வாங்கிப் படித்தேன். 1860ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 445ஆம் பிரிவு, 'ஹவுஸ் பிரேக்கிங்' என்னும் குற்றத்துக்கு ஆறு வழிகளைக் கூறியது. தானே ஒரு வழியை உண்டாக்கிக்கொண்டு புகுதல், மனிதர் புகுவதற்கென்று அமையாத வழியாகவோ சுவரேறியோ புகுதல், வீட்டார் எண்ணாத முறையில் ஒரு வழியைத் திறந்து புகுதல், பூட்டைத் திறந்து புகுதல், ஆளைத் தாக்கியோ அச்சுறுத்தியோ புகுதல், அடைத்து வைத்த வழியின் அடைப்பை நீக்கிப் புகுதல் ஆகியவை அவை. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து அச்சட்டத்தின் இடத்தில் பாரதீய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. இக்குற்றத்தின் இலக்கணம் அதன் 330ஆம் பிரிவில் தொடர்கிறது.

அச்சட்டத்தில் விளக்கத்துக்காகச் சில எடுத்துக்காட்டுகளும் உண்டு. சுவரில் துளையிட்டுக் கையை உள்ளே விடுவது வீட்டுடைப்பு. கதவின் ஓட்டை வழியே கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது வீட்டுடைப்பு. வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அந்தச் சாவியாலேயே கதவைத் திறந்து அத்துமீறிப் புகுவதும் வீட்டுடைப்பு!

இதைப் படித்தபோது நான் நெடுநேரம் பேசாமல் இருந்தேன். பூட்டு உடைய வேண்டியதில்லை. மரமோ இரும்போ சிதைய வேண்டியதில்லை. 'இது மூடியது, உள்ளே வராதே' என்று வீட்டார் வைத்த வரம்பை மீறினாலே போதும். 'பிரேக்' என்னும் சொல்லுக்கு அங்கே பொருள் அந்த வரம்பை உடைத்தல். நான் அச்சொல்லின் உடம்பைப் பிடித்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டேன். உண்மையை எழுதியிருந்தாலும் சட்டம் என் பக்கமே நின்றிருக்கும். ஒரு சொல்லின் பொருளைச் சரியாக அறியாதவன் தேவையில்லாமல் பொய்யனும் ஆகிறான்.

ஒரு தொடருக்குப் பல சொல்

அன்று முதல் அந்த ஆங்கிலத் தொடரைப் பின்தொடர்ந்தேன். அது திருடனோடு மட்டும் நிற்கவில்லை. இருவர் பேசும்போது மூன்றாமவர் புகுந்தாலும் 'பிரேக் இன்' என்கிறார்கள். தமிழில் அதைக் குறுக்கிடுதல் என்போம், இடைமறித்தல் என்போம். முரட்டுக் குதிரையைப் பழக்குவதும் அதே தொடர்தான். நம் உழவர்கள் புதுக் காளையை ஏருக்கு வசக்குவார்கள். இந்த மைசூர்ச் சீமையில் காகனகோட்டைக் காட்டில் 1971ஆம் ஆண்டுவரை கெட்டா நடத்தி யானை பிடித்தார்கள். பிடித்த யானையைப் பழக்குவதற்கும் ஆங்கிலேயர் இத்தொடரையே ஆண்டனர். நாமோ பழக்குதல், பணியச் செய்தல் என்போம். புதுச் செருப்பைச் சில நாள் அணிந்து காலுக்கு ஏற்றதாக்குவதும் 'பிரேக் இன்' ஆம். தமிழனுக்குச் செருப்பு முதலில் கடிக்கும், பின்னர் காலுக்குப் படியும். 'பிரேக் இன்டு' என்று சற்றே நீட்டினால் சிரிப்பும் அழுகையும்கூட வந்துவிடும். நாம் கொல்லென்று சிரிக்கிறோம், விம்மி அழுகிறோம். அங்கே எதுவும் உடைவதில்லை.

ஆங்கிலத்தின் சிக்கனத்தை நான் குறை கூறவில்லை. ஒரே சாவியால் பத்து அறை திறப்பது அம்மொழியின் திறமை. ஆனால் பத்து அறைக்கும் தனித்தனிச் சாவி வைத்திருக்கும் நாம், அவற்றையெல்லாம் தொலைத்துவிட்டு, 'உடைத்து உள்ளே போவது' என்று ஒட்டுப்போட்டுக் கொண்டிருக்கிறோம்.

புகுதலிலேயே நமக்கு எத்தனை வேறுபாடு! புது வீட்டுக்குப் 'புதுமனை புகுவிழா' என்று அழைப்பு அச்சிடுகிறோம். 'நுழைவிழா' என்று எவரும் அச்சிடுவதில்லை. புகுதல் உரிமையோடும் நிகழும். நுழைதல் என்றால் இடுக்கில் உடலைக் குறுக்கிச் செல்லும் தோற்றம் வருகிறது. ஊடுருவுதல் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வரை செல்வது. அத்துமீறுதல் எல்லையைக் கடப்பது. பகைவரின் கோட்டை மதிலை முற்றி உட்புகும் போருக்கு 'உழிஞை' என்று ஒரு திணையே வகுத்தார்கள் நம் முன்னோர்.

பொருளைக் கவர்வதிலும் அவ்வாறே. காணாமல் எடுப்பது களவு. கண்ணெதிரே வலிந்து எடுப்பது கொள்ளை. ஒன்றும் விடாமல் வாரிக்கொண்டு போவது சூறை. வழிப்போக்கரை மடக்கிப் பறிப்பது ஆறலைத்தல். சுவரைத் துளைத்து வீட்டினுள் புகுந்து திருடுவது கன்னமிடுதல். அதற்குரிய கருவி கன்னக்கோல். முகத்திலுள்ள கன்னம், செவியைக் குறிக்கும் 'கர்ணம்' என்ற வடசொல்லின் வழி வந்தது என்பர். சுவரில் இடும் கன்னம் வேறு சொல். என் மகள் கை வைத்துக் காட்டியது முதற் கன்னம். என் தாயார் கூறியது இரண்டாம் கன்னம்.

மதுரைத் தெருவில் கள்வர்

இச்சொல் சுட்டும் தொழில் மிகப் பழையது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரையைப் பற்றிய பகுதி உண்டு. கருநிற உடையுடுத்து, காலில் செருப்பு அணிந்து, நிலத்தை அகழும் உளியும் மெல்லிய நூலால் ஆன ஏணியும் கொண்டு கள்வர் திரிகின்றனர். மழை பெய்த நள்ளிரவிலும் சோர்வின்றி ஊர்க்காவலர் சுற்றி வருகின்றனர். கள்வரின் வழிகளையெல்லாம் கற்றறிந்தவர்கள் அக்காவலர்.

வடமொழியில் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார். அதில் சருவிலகன் என்பவன் சாருதத்தன் வீட்டுச் சுவரில் கன்னமிடுகிறான். அளவுநூலை மறந்து வந்துவிட்டதால், தான் அணிந்திருந்த பூணூலைக் கொண்டே அளந்து, என்ன வடிவில் துளையிட்டால் காலையில் ஊரார் வியப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறான். பொருளை இழந்த சாருதத்தனும் விடிந்ததும் அத்துளையின் அழகைக் கண்டு வியக்கிறான். என் வீட்டுக்கு வந்தவனுக்கு அந்த உழைப்புக்கூட வேண்டியிருக்கவில்லை. சாவியை நானே எடுத்து வைத்திருந்தேன்.

இவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது சிலப்பதிகாரம். கொலைக்களக் காதையில், கள்வருக்குத் துணையாவன எட்டு என்று பொற்கொல்லன் விரித்துரைக்கிறான். கேட்டு நின்றோருள் ஒருவன், மாரிக் காலத்து நள்ளிரவில் உளியோடு வந்த கள்வன் ஒருவன் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்கிறான். அக்கதையில் வந்த கள்வன் உண்மைக் கள்வனாக இருக்கலாம். எதிரே நின்ற கோவலன் கள்வன் அல்லன். அவன் கையில் சிலம்பு இருந்தது மெய். 'களவு' என்று அதற்கு இட்ட பெயர் பொய். பிழையான ஒரு சொல் அவன் உயிரைக் கொண்டது. நான் எழுதிய பிழையான சொல்லால் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. அது என் நற்பேறு. என் அறிவுடைமையன்று.

அடுத்த வீட்டில் இருந்த சொல்

'கன்னம்' நம் நாவிலிருந்து ஏன் மறைந்தது? காரணம் எளிது. மண்சுவர் இருந்த காலத்தில் திருடன் சுவரைத் துளைத்தான். செங்கல்லும் சிமெண்டும் வந்தபின் சுவரை விட்டுப் பூட்டுக்கும் சன்னல் கம்பிக்கும் போனான். செயல் மாறியதும் சொல்லும் வழக்கொழிந்தது. 'பூட்டை உடைத்து நகை திருட்டு' என்று செய்தித்தாள்கள் எழுதத் தொடங்கின. தமிழ்நாட்டுக் காவல்துறையின் ஏடுகளில் மட்டும் 'கன்னக்களவு' என்னும் சொல் இன்றும் நிலைத்திருக்கிறது.

இவ்வளவும் எண்ணியபடி ஒரு நாள் காலை, தேவராஜ மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, சின்னக் கடியாரத்தருகே ஒரு கடையில் காப்பி அருந்தினேன். மேசையில் கன்னட நாளிதழ் ஒன்று கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கே எனக்குக் கன்னடம் தெரியும். ஒரு தலைப்பில் 'கன்ன' என்ற சொல் கண்ணில் பட்டது. எவருடைய வீட்டிலோ திருடர் கன்னம் இட்ட செய்தி அது. அப்போதுதான் நினைவு வந்தது. என் வீட்டுக்கு வந்த அதிகாரி அன்று கன்னடத்தில் எழுதிக்கொண்ட தாளிலும் 'கன்ன களவு' என்றே இருந்தது. அதில் நான் கையொப்பமும் இட்டிருந்தேன்! நான் ஆங்கிலத்தில் தேடி இடறிய பொருளுக்கு, என் பாட்டன் காலத்துச் சொல்லைக் கன்னடக்காரர் என் கண்முன்னே எழுதினார். அதை என் சொல் என்று நான் அடையாளம் காணவில்லை.

அதன் பின்னர் கன்னட நாளிதழைக் கூர்ந்து பார்த்து வருகிறேன். வங்கிக் கணக்கிலிருந்து எவரோ கைப்பேசி வழியாகப் பணத்தைத் திருடினால், அதற்கும் அவர்கள் 'கன்ன' என்றே எழுதுகிறார்கள். அங்கே சுவரும் இல்லை, உளியும் இல்லை. ஆயினும் பழஞ்சொல்லைப் புதிய குற்றத்துக்கும் ஆளுகிறார்கள். தெலுங்கரும் சுவர்த்துளையைக் கன்னம் என்றே வழங்குகின்றனர். சுவர் போனதால் சொல்லும் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை அண்டை வீட்டார் நமக்குக் காட்டுகின்றனர்.

நாம் செய்யத்தக்கது

பிறமொழி வந்து நம் வீட்டுத் தமிழைக் கொள்ளையிட்டது என்று சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. என் சிற்றறிவுக்கு அது உடையாத பூட்டை உடைந்தது என்று எழுதும் முறையீடாகவே தோன்றுகிறது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல் தெரியவில்லை என்றால், அதை அவர்களிடம் நாம் பேசவில்லை. பாட்டியாரைப் பேச விடவில்லை. சாவியை வெளியே வைத்தவர்கள் நாமே. இதை ஒப்புக்கொள்வது வெட்கந்தான். ஆனால் ஒப்புக்கொண்டபின் செய்யவேண்டியது எளிது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். பிள்ளைகள் பள்ளியில் கற்கும் ஆங்கிலத் தொடர் ஒன்றை வாரம் ஒருமுறை முதியோரிடம் கேட்டு, தமிழ்ச் சொல்லை அதில் எழுதட்டும். பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக் கன்னடச் சொல்லையும் அருகே எழுதட்டும். சொல்லுக்குச் சொல் ஒட்டாமல், 'இச்செயலுக்கு நம்மவர் என்ன சொல்வர்?' என்று கேட்கப் பழகட்டும். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அக்குறிப்பேடுகளைத் தொகுத்தால் நம் சங்கத்துக்கு ஒரு நல்ல சிறு நூல் கிடைக்கும்.

இறுதியாக ஒன்று. என் மகள் தன் பயிற்சித் தாளில் 'கன்னமிடுதல்' என்று தமிழில் எழுதி, ஆசிரியையிடம் படித்துக் காட்டினாளாம். அந்த அம்மையார் கன்னடத்தவர். கேட்டதும் வியந்து, "இது எங்கள் சொல் அன்றோ!" என்றாராம். "எங்கள் பாட்டி சொன்னது, மிஸ்" என்றாளாம் இவள். பிறகு வகுப்பு முழுவதற்கும் அச்சொல்லைக் கரும்பலகையில் இரண்டு எழுத்திலும் எழுதிப் போட்டார்களாம்.

அன்று மாலை என் தாயாரிடம் இதைச் சொன்னேன். "பள்ளிக்கூடத்தில் சொல்ல வேறு நல்ல வார்த்தையா கிடைக்கவில்லை?" என்று கேட்டுவிட்டு, அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.